தொண்ணூற்றேழு

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க அந்த மைக்ரோஸ்கோப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தால் கழுத்து என்னதான் செய்யும்.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, போன வாரம் கம்பெனி மெடிக்கலில் மாட்டிக்கொண்டேன். கொலஸ்ட்ரால் 262. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா எத்தனை வயசுல போனார்?" என்றார். "ஐம்பத்தொண்ணு. நெஞ்சு வலி" என்றேன். "உங்களுக்கு?" "நாற்பத்தெட்டு." பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஏப்ரல்ல மறுபடி எடுப்போம். இப்படியே இருந்தா உங்களை மேல ஏத்த மாட்டேன்." ஏதோ மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

பத்தொன்பது வருஷமாக அந்தக் கிரேன் கேபின்தான் எனக்கு இன்னொரு வீடு. நாற்பத்தைந்து மீட்டர் உயரம். கீழே நின்று கை காட்டுகிற சிக்னல்மேனைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனே, என் வயசுக்காரன், எல்லோரும் பென்சில் என்று கூப்பிடுகிற ஆள். மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான், ஒரு ஆள் எடைகூட இல்லை. எனக்கானால் அவன் சாப்பிடுவதைப் பார்த்தாலே தொப்பை போடுகிறது.

பட்டினி கிடந்தால் கொலஸ்ட்ரால் கரைந்துவிடும் என்கிறார்களே, நிஜமா? ரத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவள் நீ. உடனே பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கழுத்துக்கு ஒரு தலையணை வாங்கியிருக்கிறேன். அண்ணிக்கு மூட்டு வலி தேவலையா?

போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், எடுத்து எடுத்துப் படி.

பட்டினியில் கரைவதற்கு அது உப்பு இல்லை. சாப்பாட்டில் இருந்து வருவது கொஞ்சம்தான். மிச்சத்தை நம் கல்லீரலே செய்கிறது. மாலை ஆறரைக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள். மறுநாள் காலை ஆறரை வரை தண்ணீர் மட்டும். பொரித்ததைக் குறை, தினமும் நட. மூன்று மாதத்தில் 262 என்பது 240 ஆனால் அதுவே பெரிய காரியம். ஒரேயடியாகப் பட்டினி கிடக்கிற வீரமெல்லாம் வேண்டாம். வெறும் வயிற்றோடு நாற்பத்தைந்து மீட்டர் ஏணி ஏறாதே.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். வாங்கியதாக எழுதவில்லை. இல்லாததைக் கண்டுபிடிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. வாங்கினாயா?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தங்கை

*

பிப்ரவரி 20

அன்புள்ள குட்டிக்கு,

நீ நலம்தானே? நான் நலமா என்று கேட்காதே, கோபத்தில் இருக்கிறேன்.

கிரேனைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். பத்து நாள் லீவு. பன்னிரண்டு மணி நேரப் பட்டினிக்கே பலன் உண்டு என்றால் ஒன்பது நாளுக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். தண்ணீரும் பால் விடாத டீயும்தான். மூன்றாம் நாள் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் பழத்தின் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினேன். ஆறு கிலோ குறைந்தது. பத்தாம் நாள் காலை ரத்தம் கொடுத்தேன்.

289!

பட்டினி கிடந்தவனுக்கு ஏறுமா? நீயே சொல். அந்த லேப்காரன் ஊசி போடும்போதே பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தான், குழாயை மாற்றி வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். உன் அண்ணி கொடுத்த வெந்நீரும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "இதுல என்ன கலந்தே?" என்று கேட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நீ சொன்ன யோசனை மேலேயே எனக்குச் சந்தேகம்.

ஏப்ரலுக்கு இன்னும் ஏழு வாரம்தான். உன் தலையணையாவது வேலை செய்கிறதா?

அண்ணன்

*

பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். நீ முதலில் அண்ணியிடம் மன்னிப்புக் கேள்.

லேப் தப்புச் செய்திருக்காது. வீட்டை ஒழிக்கும்போது சாமானெல்லாம் வாசலில் வந்து கிடக்குமே, அந்த மாதிரிதான் இதுவும். நீ சாப்பாட்டை அடியோடு நிறுத்தினாய். உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்துச் செலவு செய்தது. அதெல்லாம் ரத்தத்தின் வழியாகத்தான் போய்வர வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்தத்தை எடுத்தால் எண் ஏறித்தான் இருக்கும். பல பேருக்கு இப்படி ஆவதைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து, எடை ஒரு இடத்தில் நின்றபிறகு எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

கம்பெனி டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி அவகாசம் கேள். மாத்திரையைப் பற்றி இந்தக் கடிதத்திலும் நீ மூச்சு விடவில்லை. பயமா அண்ணா? பயம் என்றால் பயம் என்று எழுது, நான் சிரிக்கமாட்டேன்.

அண்ணியின் மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

தங்கை

*

ஏப்ரல் 16

அன்புள்ள குட்டிக்கு,

எல்லோரும் ரொம்ப ரொம்ப சுகம். மெடிக்கல் முடிந்தது. ரிப்போர்ட்டின் நகல் இணைத்திருக்கிறேன், பார். கொலஸ்ட்ரால் 97. பக்கத்தில் டாக்டர் "மிக நன்று" என்று எழுதியிருக்கிறார். ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை.

நீ சொன்ன பட்டினியை முறைப்படி செய்தேன், அதுதான் ரகசியம். பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் வேலை. வேறொன்றுமில்லை.

உன் சுகத்தைப் பற்றி எழுது.

அண்ணன்

*

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கக் கேட்கப் போகிறேன்.

289 இருந்த ஆளுக்கு ஏழு வாரத்தில் 97 ஆகாது. பட்டினியாலும் ஆகாது, நடையாலும் ஆகாது. மாத்திரை சாப்பிட்டால்கூட இவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதை நான் பார்த்தது அபூர்வம். குறைவாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இவ்வளவு குறைந்தால் உடம்பில் வேறு எதுவோ நடக்கிறது என்று நாங்கள் சந்தேகப்படுவோம். உன் டாக்டர் அறுபது ரிப்போர்ட்டை அடுக்கி வைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

ஆகவே மறைக்காமல் பதில் எழுது. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறாயா? கை நடுங்குகிறதா? மற்றவர்கள் சும்மா இருக்கும்போது உனக்கு மட்டும் புழுங்கி வியர்க்கிறதா? உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறதா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கை

*

மே 2

அன்புள்ள குட்டிக்கு,

நலம், நலம், நலம். இளைக்கவில்லை, நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, படபடக்கவில்லை. போதுமா? ஏறினாலும் திட்டுகிறாய், இறங்கினாலும் சந்தேகப்படுகிறாய். நீ லேப்பில் சேர்ந்தாயா, போலீசில் சேர்ந்தாயா?

கழுத்தைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மே 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் சுகம், மூட்டும் சுகம். நீ வீட்டுக்கு எழுதாமல் நான் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதியபோதே விஷயம் சாதாரணமில்லை என்று புரிந்துவிட்டது. கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

மெடிக்கல் அன்று காலையில் வீட்டில் ஏதாவது வித்தியாசமாக நடந்ததா என்று கேட்டிருந்தாய். நடந்தது. ஆறு மணிக்கு உன் அண்ணன் இரண்டு முட்டையும் நாலு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். "வெறும் வயித்துல இல்ல ரத்தம் குடுக்கணும்?" என்று கேட்டேன். "இப்ப ரூல் மாத்திட்டாங்க" என்றார். ரத்தம் கொடுக்கிற நாளில் முழங்கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருவார். அன்று ஒன்றும் இல்லை. துணி துவைக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா?

ரிப்போர்ட் வந்த அன்று பென்சில் அண்ணன் சாப்பிட வந்தார். இருவரும் பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அவருக்கு மூன்று முறை சோறு போட்டேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் சட்டை நனைந்துவிட்டது. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். கண் மட்டும் பெரிதாகி முன்னால் வந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் கடைக்காரி இல்லையா, எனக்குக் கண்தான் முதலில் தெரியும்.

மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை. நீ நலமாக இரு.

அண்ணி

*

மே 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. அன்று ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தது யார்?

நீ சொல்லவேண்டாம், எனக்குத் தெரியும். கம்பெனிக்கு எழுதிப் போடமாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுப்பது என் வேலை இல்லை. ஆனால் அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் சாதாரணமாக ஒல்லியான ஆள் இல்லை, நோயாளி. நான் டாக்டர் இல்லை, நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லவும் மாட்டேன். தைராய்டு சுரப்பி தலைகால் தெரியாமல் ஓடினால் இப்படியெல்லாம் ஆகும். சாப்பிடுவதெல்லாம் எரிந்து போகும், கொலஸ்ட்ரால் தரை தட்டும், கை நடுங்கும். கவனிக்காமல் விட்டால் இதயத்தில் கை வைக்கும். கவனித்தால் அடக்கிவிடலாம். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு யோசிக்காதே.

தங்கை

*

ஜூன் 30

அன்புள்ள குட்டிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

எல்லாம் எழுதிவிடுகிறேன். மாத்திரை வாங்கவே இல்லை. அதைச் சாப்பிட ஆரம்பித்தால் அப்பாவின் வரிசையில் போய் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மார்ச் மாதக் கடைசியில் இன்னொரு லேப்பில் ரகசியமாகப் பார்த்தேன். 271. அன்று சாயங்காலம் பென்சிலிடம் புலம்பினேன். அவன் தொழிற்சாலை ஆள் இல்லை, ஒப்பந்த ஆள், அவனுக்கு மெடிக்கலே கிடையாது. "உன் மெடிக்கல் சீட்டைக் குடு, நான் போய் ரத்தம் குடுக்குறேன். வாசல்ல ரத்தம் எடுக்கிற ரூம்ல மூஞ்சியா பாக்குறாங்க, நம்பரைத்தானே பாக்குறாங்க" என்றான். நான் ஒரு முறைகூட மறுக்கவில்லை. உன் மே மாதக் கடிதம் வந்தபிறகும் அதே கதைதான். எட்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தினமும் காலையில் இன்றைக்கு அவனிடம் சொல்லிவிடலாம் என்று ஏறுவேன். மேலே போய் உட்கார்ந்ததும், சொன்னால் இந்த இடம் போய்விடுமே என்று தோன்றும்.

ஜூன் மூன்றாம் தேதி கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பென்சில் கையை உயர்த்தினான். நிறுத்தச் சொல்கிறானா, மெதுவாக இறக்கச் சொல்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கை காற்றில் கிடக்கிற காகிதம் மாதிரி ஆடியது. பத்தொன்பது வருஷத்தில் அவன் கையை நான் தப்பாகப் படித்ததே இல்லை. சுமையை அப்படியே நிறுத்தினேன். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வாக்கிடாக்கியில் கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். அந்தச் சுமை தொங்கும்வரை நான் கேபினை விட்டு வரமுடியாது. இறக்கி வைக்க ஆறு நிமிஷம் ஆனது. அந்த ஆறு நிமிஷத்தை நான் உனக்கு எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு நாடி கன்னாபின்னா என்று ஓடியது. இளம் டாக்டரம்மா ஒருவர், "இதுக்கு முன்னாடி ரத்தம் எதுவும் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். இவன் மூச்சு வாங்கிக்கொண்டே சட்டைப் பையைத் தடவி நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். என் ரிப்போர்ட்டின் நகல், குட்டி. எப்போது எடுத்து வைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார்.

"இதுல வேற பேர் இருக்கே. இது யாரு?"

பென்சில் கண்ணை மூடிக்கொண்டான்.

"பேரு என்னுது. ரத்தம் அவனோடது" என்றேன்.

அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. "இது எப்ப எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். ஏப்ரல் என்றேன். "ரெண்டு மாசம்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். உன் கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எழுதினது யாரா இருந்தாலும் சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்காங்க" என்றார். தைராய்டுதான். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, மருந்தில் அடங்கும் என்கிறார்கள்.

மறுநாள் கம்பெனியில் நானே போய்ச் சொன்னேன். மேலே ஏறும் அனுமதியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இப்போது கீழே ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் பிரித்து அடுக்குகிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன், மாலை ஆறரையோடு சாப்பாடும் நிற்கிறது. இதையெல்லாம் நீ நம்பவேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அவன் விழாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று மட்டும் கேட்டு எழுதாதே.

அண்ணன்

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ கேட்காதே என்றதைக் கேட்கவில்லை.

உன் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அண்ணி கூட வருவார். நாற்காலி வரைக்கும். நான் சொன்னதாகச் சொல். கொஞ்ச நாளைக்கு நீ எழுதுவதை நான் அப்படித்தான் படிக்க முடியும், பொறுத்துக்கொள்.

அவருக்கு எப்படி இருக்கிறது என்று வாரம் ஒரு வரியாவது எழுது. மாத்திரையை விடாதே.

தங்கை

*

நவம்பர் 3

பார்த்திராத தங்கைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்களுக்குக் கழுத்து வலி என்று அண்ணன் சொன்னார். என்னை நீங்கள் பென்சில் என்று அறிந்திருப்பீர்கள். எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் தன் மேல் முழுப் பழியையும் போட்டு எழுதியிருப்பார். பாதி என்னுடையது. போன வருஷமே எனக்கு என்னவோ என்று எனக்குத் தெரியும். படுத்தால் நெஞ்சு குதிரை ஓடுகிற மாதிரி ஓடும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வாள், போனால் கை காட்டுகிற வேலைக்கு ஆகமாட்டேன் என்று எழுதிவிடுவார்கள். அப்போதுதான் உங்கள் அண்ணனின் சீட்டு வந்தது. என் பெயர் எங்கேயும் வராமல் என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நான் அவருக்கு உதவி செய்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

97, மிக நன்று என்று வந்தது. உங்களுக்கு அதைப் பார்த்ததும் பயம் வந்ததாமே. எனக்கு வந்தது நிம்மதி. நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் எடுத்துப் படித்துப் பார்ப்பேன், ஒன்றுமில்லை என்று சமாதானம் ஆகிவிடுவேன். அப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். என் மனைவிக்கும் மகளுக்கும் நீங்கள் செய்ததை நான் எழுதிக் காட்ட முடியாது.

இப்போது தேவலை. ஏழு கிலோ கூடியிருக்கிறேன். கை நடுக்கம் நின்றுவிட்டது. சுரப்பி அடங்கினால் கொலஸ்ட்ரால் தானாக ஏறும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன வாரம் இருவரும் சேர்ந்தே ரத்தம் கொடுக்கப் போனோம். அண்ணியும் வந்து நாற்காலி பக்கத்திலேயே நின்றார்கள். உங்கள் அண்ணனுக்கு 204. எனக்கு 168. எண் ஏறியதற்குக் கை தட்டியது அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். கிரேனில் மறுபடி ஏற்றுவார்களா என்பது ஜனவரியில்தான் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ரிப்போர்ட் வாங்கும்போது என்னுடையதைத்தான் அவர் முதலில் பிடுங்கினார். மேலே இருந்த பெயரை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். அது என் பெயர்தான் என்று உறுதியானபிறகே எண்ணைப் பார்த்தார்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாற்பத்தொன்பது வயதில் சொந்தப் பெயரில் ரத்தம் கொடுத்தவன்